கத்தி இல்லை, சரி. ஊசி எந்த அடுக்குக்குப் போகிறது?

முகச் சுருக்கத்துக்கு அறுவை வேண்டாம், ஊசி போதும், அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. அதே கையோடு செய்திகளில் வேறொன்றும் வருகிறது: ஊசி போட்டுக்கொண்டவருக்குக் கண்பார்வை போய்விட்டது, போலி மருந்தால் சிலர் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரண்டும் ஒரே சிகிச்சையைப் பற்றித்தானா என்று குழம்புவது இயல்பு. விளம்பரமும் பொய்யில்லை, செய்தியும் பொய்யில்லை. வெவ்வேறு சிகிச்சைகளை ஒரே பெயரில் போட்டுக் கட்டியதால்தான் இந்தக் குழப்பம்.

'குறைந்த ஊடுருவல் சிகிச்சை' என்றால் என்ன? கத்தியால் தோலைத் திறக்காமல், ஊசி, நூல், ஒளி, வெப்பம், அமிலம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் தோலிலோ அதற்கு அடியிலோ மாற்றம் உண்டாக்குவது. வாசல் சிறியது என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்கிறது. உள்ளே எவ்வளவு ஆழம் போகிறார்கள், அங்கே என்ன இருக்கிறது, தவறினால் திருப்ப முடியுமா என்பதெல்லாம் அதில் இல்லை. பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு சிகிச்சையும் முகத்தின் எந்த அடுக்கில் வேலை செய்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முகம் ஐந்து இடங்களில் முதிர்கிறது

மேலிருந்து கீழே போவோம்.

1. மேல்தோல். நிறம் இங்கேதான் இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு நிறமி சில இடங்களில் திட்டாகச் சேர்கிறது, தோல் சொரசொரப்பாகிறது.

2. உள்தோல். கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள்தான் தோலுக்கு உறுதியும் மீள்திறனும் தருகின்றன. இளமை தாண்டிய பிறகு கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன.

3. கொழுப்பு. முகத்துக் கொழுப்பு ஒரே போர்வையாக விரிந்திருக்கவில்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது. வயதாகும்போது சில அறைகள் வற்றுகின்றன, சில சரிகின்றன. கன்னம் ஒட்டிப்போய், மூக்கோரத்திலிருந்து வாய் வரை கோடு ஆழமாவதற்கு இது பெரிய காரணம்.

4. தசை. முகத் தசைகள் தோலிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் நாம் நினைப்பது முகத்தில் தெரிகிறது. அதே இடம் பல்லாயிரம் முறை மடிந்தால் மடிப்பு நிலைத்துவிடுகிறது.

5. எலும்பு. பலருக்கும் தெரியாதது இது. வயதாக ஆகக் கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது. கூடாரத்தின் கம்பு குட்டையானால் துணி தொய்வது போல, மேலே இருக்கும் எல்லாமே தொய்கிறது.

கண்ணாடி முன் நின்று ஒரு சோதனை செய்து பாருங்கள். புருவத்தை நெறித்து, விட்டுவிடுங்கள். நெறித்தபோது மட்டும் தெரிந்து பிறகு மறைகிற கோடு தசையின் வேலை. அதை அசைவுக் கோடு என்பார்கள். முகம் ஓய்வாக இருக்கும்போதும் நிற்கிற கோடு நிலைக் கோடு. அங்கே உள்தோலே உடைந்திருக்கிறது. முதல் வகைக்கான மருந்து இரண்டாவதை முழுதாகப் போக்காது. "போட்டாக்ஸ் போட்டேன், கோடு போகவில்லை" என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தை யாரும் முன்னால் சொல்லாததால் வருவது.

## தசைக்கு: போட்டாக்ஸ்

போட்டாக்ஸ் என்பது வணிகப் பெயர். மருந்தின் பெயர் போட்யூலினம் டாக்சின். சரியாகப் பதப்படுத்தாத உணவில், காற்றுப் புகாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு இது. மனிதன் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. 1820களில் ஜெர்மன் மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன இறைச்சித் தொத்திறைச்சியைத் தின்று வாதம் வந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். லத்தீனில் தொத்திறைச்சிக்கு 'போட்டுலுஸ்' என்று பெயர். டாக்சின் பெயரும் அதிலிருந்தே வந்தது.

அந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாக்கியவர் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைச் சரிசெய்வதுதான் அவர் நோக்கம். மாறுகண், இமைத் துடிப்பு ஆகியவற்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1989இல் அனுமதி தந்தது. இதற்கிடையே கனடாவில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், தன் புருவ இடுக்குக் கோடுகளும் மறைந்துவிட்டன என்றார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து ஜீன் அதை ஆராய்ந்தார். 1992இல் கட்டுரை வந்தது. அழகுக்காக எஃப்டிஏ அனுமதி கிடைத்தது 2002இல்.

வேலை செய்யும் விதம் நுட்பமானது. தசையைச் சுருங்கச் சொல்லும் கட்டளை, நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாக வெளியேறுகிறது. அது சின்னஞ்சிறு பைகளில் இருக்கும். பை நரம்பின் சுவரோடு ஒட்டித் திறக்க ஸ்னாப்-25 என்ற புரதம் வேண்டும். டாக்சின் அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. நரம்பு கட்டளை அனுப்புகிறது, தசைக்கு வந்து சேர்வதில்லை. தசை சாகவில்லை, சும்மா இருக்கிறது. சில மாதங்களில் நரம்பு மீண்டு பழைய தொடர்பு திரும்பிவிடுகிறது.

ஆகவே கால அட்டவணை இப்படி அமைகிறது: சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும், 3 முதல் 4 மாதம் நிற்கும். நான்காம் நாளே "போதவில்லை, இன்னும் போடுங்கள்" என்று கேட்பதும் தவறு, கேட்டவுடன் போடுவதும் தவறு.

மருந்துக் குப்பியைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். 100 யூனிட் குப்பி பார்வைக்குக் காலியாகவே இருக்கும். அடியில் வெண்மையாக ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். அதில் 2.5 மில்லிலிட்டர் உப்புநீரைச் செலுத்தினால் ஒவ்வொரு 0.1 மில்லிலிட்டரிலும் 4 யூனிட் இருக்கும். புருவ இடுக்குக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 5 புள்ளிகளில் 4 யூனிட் வீதம் 20. அதே குப்பியில் 5 மில்லிலிட்டர் உப்புநீர் ஊற்றினால், சிரிஞ்சில் தெரியும் திரவம் அதேதான், மருந்து பாதி. எத்தனை குத்து, எவ்வளவு மருந்துநீர் என்ற கணக்கால் பயனில்லை. எத்தனை யூனிட் என்றுதான் கேட்க வேண்டும். அதுவும் எந்த நிறுவனத்தின் யூனிட் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். டிஸ்போர்ட் என்ற மருந்தில் அதே இடத்துக்கான அளவு 50 யூனிட். அது கூடுதல் மருந்து என்று பொருளில்லை, அளவுகோலே வேறு.

மருந்து கொஞ்சம் கீழே பரவி இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டால் இமை தொங்கும். சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் அந்த வாரங்கள் சிரமமானவை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்கவே கூடாது. விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் வந்தால் அது மருந்து தொலைவுக்குப் பரவிய அறிகுறி. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

## பள்ளத்துக்கு: ஃபில்லர்

போட்டாக்ஸையும் ஃபில்லரையும் ஒன்றென நினைப்பவர்கள் ஏராளம். முன்னது அசைவை அடக்குகிறது, பின்னது இடத்தை நிரப்புகிறது. முன்னது தவறினால் பெரும்பாலும் காத்திருந்தால் போதும். பின்னது தவறினால் காத்திருக்க நேரமே இல்லாமல் போகலாம்.

எஃப்டிஏ 1981இல் அனுமதித்த முதல் ஃபில்லர் மாட்டுக் கொலாஜன். ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே கையில் சோதித்தாக வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் ஜெல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கிறது, நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. அப்படியே ஊசியில் போட்டால் உடல் சில நாட்களில் சிதைத்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைத்துக் கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். பிணைப்பு கூடினால் ஜெல் விறைப்பாகும். அது மோவாய்க்கும் கன்ன எலும்புக்கும் சரி. உதட்டுக்கு மென்மையானது வேண்டும். கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது. ஜெல்லை மேலாக வைத்துவிட்டால் ஒளி சிதறி இடம் நீலம் பாரித்துத் தெரியும். இடத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் இங்கே திறமை.

பலன் வழக்கமாக 6 முதல் 18 மாதம். ஆனால் காலம் முடிந்த பிறகும் ஜெல்லின் ஒரு பகுதி உள்ளே தங்கியிருப்பதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. 'கரைந்துவிட்டது' என்று எண்ணி மேலும் மேலும் நிரப்பும்போதுதான் முகம் ஊதியது போல ஆகிறது. கன்னத்தைத் தூக்க நிரப்பி, அந்தக் கனத்தை ஈடுகட்டக் கீழே நிரப்பி, போய்க்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்று சொல்லும் மருத்துவர் கிடைப்பது பெரிய விஷயம்.

ஹையலூரானிக் அமிலத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டால் ஜெல் கரைந்துவிடும். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், பாலி-எல்-லாக்டிக் அமிலம் ஆகிய வேறு ஃபில்லர்கள் உடலையே கொலாஜன் உண்டாக்கத் தூண்டுகின்றன, பலன் நீடிக்கும். ஆனால் அவற்றைக் கரைக்க இப்படி ஒரு மாற்று இல்லை. நிலையாகவே தங்கிவிடும் ஃபில்லர்களும் உண்டு. முகம் மாறிக்கொண்டே இருக்க, உள்ளே வைத்தது மாறாமல் கிடப்பது பின்னாளில் தொல்லைதான். முதல்முறை செய்துகொள்பவர்கள் கரைக்கக்கூடிய வகையோடு நிற்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி, பார்வை போன செய்திகளுக்கு வருவோம். முகத்தின் இரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. புருவ இடுக்கிலும் மூக்கிலும் ஓடும் குழாய்களுக்குக் கண்ணுக்குள் போகும் தமனியோடு தொடர்பு உண்டு. ஊசி முனை தவறித் தமனிக்குள் நுழைந்து, அழுத்தத்தோடு ஜெல் செலுத்தப்பட்டால், அது இரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிப் போகும். அழுத்தம் நின்றதும் இரத்தம் அதை முன்னே தள்ளும். இப்போது அது போய் அடைப்பது விழித்திரைக்கான குழாயை. பார்வை நிமிடங்களில் போகும். இது அரிது. ஆனால் நடந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். தோலுக்கான குழாய் அடைபட்டால் அந்தப் பகுதி கருகி அழுகலாம். அதை விரைவில் கண்டுபிடித்தால் காப்பாற்ற முடியும். கவனிக்க வேண்டியவை:

1. ஊசி போட்ட இடமோ அதைச் சுற்றியோ திடீரென வெளிறிப்போவது.
2. வலை போன்ற ஊதா, சிவப்புத் திட்டு தோன்றுவது.
3. நேரம் ஆக ஆகக் கூடும் வலி. உணர்விழப்பு மருந்து கலந்த ஃபில்லரில் வலி தெரியாமலும் போகலாம், அதனால் வலி இல்லை என்று அசட்டையாக இருக்கக் கூடாது.
4. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பாமல் இருப்பது. நல்ல தோலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரும். வரத் தாமதித்தால் இரத்தம் போகவில்லை என்று அர்த்தம்.
5. பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், கண் வலி. இதற்கு நாளை வரை காத்திருக்கவே கூடாது.

இரத்தக்கட்டு, வீக்கம் எல்லாம் வழக்கமானவை, சில நாட்களில் வடிந்துவிடும். வீக்கத்தையும் அடைப்பையும் வேறுபடுத்த மேலே சொன்ன விரல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

## தோலின் மேற்பரப்புக்கு: லேசர், பீல், நுண்ணூசி

இவை மூன்றும் ஒரே தத்துவத்தில் நிற்கின்றன: அளவாகக் காயப்படுத்து, உடல் ஆற்றிக்கொள்ளும்போது புதுக் கொலாஜன் உண்டாகட்டும். அளவு என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

லேசரின் அடிப்படை 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வகுத்தது. ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியைக் குறிப்பிட்ட பொருள் மட்டும் அதிகமாக உறிஞ்சும். நிறமி ஒன்றை, இரத்தம் ஒன்றை, நீர் ஒன்றை. ஒளியை மிகச் சிறு நேரம் பாய்ச்சினால் இலக்கு மட்டும் சூடாகும், அக்கம்பக்கம் தப்பும். கார்பன் டையாக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளி நீரைத் தேடுவது. தோலில் எங்கும் நீர் இருப்பதால் அது மேற்பரப்பையே ஆவியாக்கும். பழைய முறையில் முகம் முழுவதும் புண்ணாகி வாரக்கணக்கில் ஆறும். 2004இல் வந்த ஃபிராக்‌ஷனல் முறை ஒளியைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக்கியது. புள்ளிகளுக்கு நடுவே நல்ல தோல் மிச்சமிருப்பதால் ஆறுவது விரைவாகிவிட்டது.

பீல் என்பது அமிலம் பூசி உரிப்பது. கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்கள் மேலோட்டமானவை. டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) இன்னும் ஆழம் போகும். ஃபீனால் மிக ஆழமானது. இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது என்பதால் இதயத்தைக் கண்காணித்தபடிதான் செய்ய வேண்டும். ஆழமான பீல் அமிலங்களை இணையத்தில் வாங்கி வீட்டில் பூசிக்கொள்வது மிக ஆபத்தானது. நுண்ணூசி என்பது மெல்லிய ஊசிகளால் தோலில் நுண்துளையிடுவது. சிலர் அதோடு, ஒருவரின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவையும் தடவுவார்கள்.

பழுப்பு, கருந்தோல் உள்ளவர்கள் இந்தப் பிரிவை இருமுறை படிக்க வேண்டும். தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் உருவாக்கிய அளவுகோல் தோலை, வெயிலுக்கு அது எப்படி எதிர்வினை செய்கிறது என்பதை வைத்து வகைப்படுத்துகிறது. இன்று அதில் ஆறு வகை. நான்கு முதல் ஆறு வரையான தோலில் நிறமிச் செல்கள் சீண்டலுக்கு வேகமாக எதிர்வினை காட்டும். காயம் ஆறும், ஆறிய இடம் கறுக்கும். மங்கு போக்கப் போனவருக்கு மங்கு கூடியது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். வெளிர்தோலுக்கான அமைப்பை அப்படியே கருந்தோலில் வைத்து லேசரை ஓட்டக் கூடாது. சக்தியைக் குறைத்து, காதோரம் போன்ற மறைவான இடத்தில் முதலில் சோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகுதான் முகம். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் செய்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

## இறுக்குவதற்கு: வெப்பமும் நூலும்

ரேடியோ அலை, குவித்த ஒலியலை ஆகியவை உள்ளே புள்ளி புள்ளியாகச் சூடேற்றிக் கொலாஜனைச் சுருக்குகின்றன. ஒலியலைக் கருவி 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், அளவும் மிதமானது. நூல் முறையில் முள் வைத்த கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தி இழுக்கிறார்கள். தொய்வு லேசாக இருந்தால் இவை உதவும். தாடையோரத் தோல் நன்றாகத் தொங்கிவிட்டால் இவற்றுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டுவதைவிட, அறுவை மருத்துவரிடம் ஒருமுறை கருத்துக் கேட்பது நேர்மையான வழி.

## தப்பு எங்கே நடக்கிறது

செய்தியில் வந்த பெரிய விபத்துகளைக் கூர்ந்து பார்த்தால், பலவற்றில் சிகிச்சையைவிட மருந்தும் இடமும் கையும்தான் குற்றவாளிகள்.

2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்கு பேர் உடல் முழுதும் வாதம் கண்டு செயற்கைச் சுவாசத்துக்குப் போனார்கள். அவர்களுக்குப் போடப்பட்டது மனிதப் பயன்பாட்டுக்கு உரிமம் இல்லாத, மிக அடர்ந்த டாக்சின். 20 ஆண்டு கழித்து, 2024 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டாக்சின் ஊசியால் 11 மாநிலங்களில் 22 பேருக்குப் பாதிப்பு என்று அறிவித்தது. ஊசி போட்டவர்கள் உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்கள், அல்லது போட்ட இடம் வீடு, ஸ்பா. அதே மாதம், நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில் நுண்ணூசியும் பிளாஸ்மாவும் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதையும் அது வெளியிட்டது. பிளாஸ்மா அவரவருடையதாகவே இருந்தாலும், கருவியும் ஊசியும் பலருக்கும் பொதுவானால் 'சொந்த இரத்தம்' என்ற பாதுகாப்பு அங்கேயே போய்விடுகிறது.

ஊசியில்லாமல் அழுத்தத்தால் உதட்டுக்குள் ஜெல் பாய்ச்சும் பேனாக்களைப் பற்றி எஃப்டிஏ 2021இல் எச்சரித்தது. ஜெல் எங்கே போய் நிற்கும் என்பது அதைப் பிடித்திருப்பவர் கையில் இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்து, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக டாக்சினோ ஃபில்லரோ போடுவதைக் குற்றமாக்கியது.

## போவதற்கு முன்

ஊசிக்கு முன்னால் இரண்டு எளிய விஷயங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது: தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதிர்வு, விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் களிம்பு நுண்சுருக்கத்தைக் குறைப்பது 1980களிலிருந்தே நிறுவப்பட்டது. கர்ப்பகாலத்தில் மட்டும் கூடாது. இவற்றைத் தொடாமல் லேசருக்குப் போவது ஒழுகும் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது.

அதன் பிறகும் ஊசிதான் என்று முடிவெடுத்தால், நாற்காலியில் உட்காரும் முன் கேளுங்கள்:

1. என் பிரச்சினை தசையிலா, கொழுப்பிலா, தோலிலா? இந்தச் சிகிச்சை அந்த அடுக்குக்குப் போகிறதா?
2. ஊசி போடப்போவது யார்? பேசுபவர் ஒருவர், போடுபவர் வேறொருவரா?
3. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி என்ன? குப்பியையோ சிரிஞ்சையோ என் கண் முன்னால் திறப்பீர்களா? அந்த ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
4. என் நிறத் தோலில் இதைச் செய்திருக்கிறீர்களா? அந்தப் படங்கள் உண்டா?
5. ஃபில்லர் என்றால், ஹையலூரானிடேஸ் இதே அறையில், இப்போது இருக்கிறதா? "வேண்டுமென்றால் வரவழைப்போம்" என்பது பதிலில்லை. அடைபட்ட குழாய் மருந்து வரும்வரை காத்திருக்காது.
6. இரவு பத்து மணிக்குத் தோல் வெளுத்தால் எந்த எண்ணில், யாரை அழைப்பது?

இவற்றில் எதற்காவது பதில் வரவில்லை என்றால், எழுந்து வந்துவிடலாம். முன்பணம் கட்டியிருந்தாலும்கூட.